பூட்டை உடைத்த டீச்சர்

புதுவயலில் அரிசி ஆலைகளைத் தாண்டிப் பிரியும் மண் ரோட்டில் போனால் நாவலூரணி வரும். அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில் ரோகிணி டீச்சர் பூட்டை உடைத்த சங்கதி ஒன்றியம் முழுக்கப் பரவியபோது ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். கோபத்தில் உடைத்தாள் என்றார்கள். தலைமை ஆசிரியரோடு கைகலப்பே நடந்தது என்றுகூடச் சொன்னார்கள். அப்படியெல்லாம் எதுவும் இல்லை. காலை வழிபாடு முடித்து, வருகை எடுத்து, பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு, நிதானமாகத்தான் உடைத்தாள்.

அது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகள், ஒரே கூடம், இரண்டு ஆசிரியர்கள். தலைமை ஆசிரியர் குருநாதன் பாதி நாள் கூட்டம், பயிற்சி என்று வெளியே போய்விடுவார். மீதி நாள் வருகையையும் சத்துணவுக் கணக்கையும் செல்போனில் ஏற்றுவதற்காக, டவர் கிடைக்காமல் வேப்பமரத்தடியில் கையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். ஆக, ஐந்து வகுப்பும் ரோகிணியின் தலையில்தான். ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்குப் போட்டால், ஒன்றாம் வகுப்பு ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து இழுக்கும். ஒன்றாம் வகுப்பின் விரலைப் பிடித்து எழுதவைத்தால், நான்காம் வகுப்பு கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். சத்தம் போடுகிற பிள்ளைகளை அவளால் தாங்க முடிந்தது. சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைத்தான் தாங்க முடியவில்லை.

ரோகிணி மானகிரிக்காரி. நாற்பதைத் தாண்டியவள். அவள் படித்த பள்ளியில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் ஒரு நுண்ணோக்கி இருந்தது. ஆறாம் வகுப்பில் அதைக் கண்ணாடி வழியே பார்த்தாள். பத்தாம் வகுப்பிலும் கண்ணாடி வழியேதான் பார்த்தாள். "எப்ப சார் அதை வெளிய எடுப்பீக?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "உடைச்சுப்புட்டா உங்கப்பனா வாங்கித் தருவாரு?" என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல் அப்புறம் அவளை விட்டுப் போகவே இல்லை.

போன வருடம் பள்ளிக்கு ஆறு மடிக்கணினிகள் வந்தன. நாவலூரணியில் படித்து, மலேசியாவில் தொழில் செய்கிற அழகுசுந்தரம் என்பவர் கொடுத்தவை. அவருடைய அலுவலகத்தில் ஓடிய பழைய கணினிகள்தான். பேட்டரி மாற்றி, துடைத்து, பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருந்தார். வாழைமரம் கட்டி, மைக்செட் போட்டு, சால்வை போர்த்தி விழா எடுத்தார்கள். மறுநாள் குருநாதன் ஆறையும் இரும்பு பீரோவுக்குள் அடுக்கி, வெளியே கொண்டி போட்டுப் பெரிய பூட்டாகப் பூட்டினார்.

"பிள்ளைகளுக்குன்னு குடுத்தது சார்" என்றாள் ரோகிணி.

"குடுத்தவரு மலேசியாவுல இருக்காரு. ஆடிட்டுக்குப் பதில் சொல்றது நான். ஒண்ணு ரிப்பேர்னாலும் என் பேருதான் வரும் டீச்சர். ரெண்டு வருசம் பொறுங்க, நான் ரிட்டையர் ஆயிக்கிறேன். அதுக்குப் பொறகு நீங்க என்னமும் பண்ணிக்கங்க."

"ரெண்டு வருசத்துல இப்ப இருக்கிற நாலாங்கிளாஸ் இந்தப் பள்ளிக்கூடத்துலயே இருக்காது சார்."

குருநாதன் கெட்டவர் இல்லை. முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஒரு மின்விசிறி திருடுபோய், அதற்கு விளக்கம் எழுதி எழுதியே நொந்துபோனவர். பள்ளிப் பொருள் எதையும் பூட்டி வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ரோகிணி மாதாமாதம் கேட்டாள். அவர் மாதாமாதம் சிரித்து மழுப்பினார்.

பிறகு ஒருநாள் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து பள்ளியைப் பார்வையிட ஆட்கள் வந்தார்கள். அன்றைக்குப் பீரோ திறந்தது. ஆறு மடிக்கணினிகளும் பெஞ்சுமேல் வரிசையாக வந்தன. பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்து, விசைகள் மேல் விரலை வைக்கச் சொன்னார்கள். ஒன்றையும் இயக்கவில்லை. இருண்ட திரைகளுக்கு முன்னால் பிள்ளைகள் விறைப்பாக உட்கார்ந்திருக்க, படம் பிடித்தார்கள். வந்தவர்கள் போனதும் எல்லாம் திரும்பப் பீரோவுக்குள் போயின. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ரோகிணியின் சேலையைப் பிடித்து, "டீச்சர், இது எப்ப ஓடும்?" என்று கேட்டது.

அடுத்த வாரம் குருநாதன் சிவகங்கையில் நடந்த பயிற்சிக்குப் போனார். சாவியையும் கையோடு கொண்டு போய்விட்டார். ரோகிணி சத்துணவுக் கூடத்துக்குப் போய், இஞ்சி தட்டுகிற குழவிக்கல்லைக் கேட்டாள்.

"எதுக்கு டீச்சர்?" என்றாள் சமையல் செய்கிற அம்மாள்.

"பாடம் நடத்தணும்க்கா."

நாலு அடியில் பூட்டு வாயைப் பிளந்தது. திரும்பினால், தண்ணீர் குடிக்கப் போன பிள்ளைகள் வாசலில் கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தன. "உள்ள வாங்க. ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு எடுத்து வைங்க. இதெல்லாம் உங்களோடது" என்றாள்.

அன்று சாயங்காலமே புதுவயலில் ஒரு புதுப் பூட்டு வாங்கினாள். மறுநாள் காலையில் அதன் சாவியைக் குருநாதனின் மேசையில் வைத்தாள்.

"பழசை நான்தான் உடைச்சேன் சார். இதுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும், ஒண்ணு எங்கிட்ட இருக்கும்."

குருநாதனுக்கு வியர்த்துவிட்டது. சாவியை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டார். "நான் மேல எழுதாம இருக்க முடியாது டீச்சர்."

"எழுதுங்க. குழவிக்கல்லை வச்சு உடைச்சேன்னு சேத்து எழுதுங்க. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."

அவர் எழுதினார். மேலிடத்திலிருந்து பதில் வரும்வரை ரோகிணி காத்திருக்கவில்லை. அவள் கணவன் நாகநாதன் எலக்ட்ரீசியன். ஞாயிற்றுக்கிழமை வந்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் சுவிட்ச் பெட்டி அடித்து ஒயர் இழுத்துக் கொடுத்தான். "வேலைய விட்டுத் தூக்கிருவாகளா?" என்று கேட்டான். "தூக்குனா உங்கூட ஒயர் இழுக்க வாரேன்" என்றாள்.

அதற்குப் பிறகு வகுப்பின் நடையே மாறியது. ரோகிணி ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும்போது, ஒன்றாம், இரண்டாம் வகுப்புகள் இரண்டு கணினிகளைச் சூழ்ந்துகொண்டு எழுத்தைப் படத்தோடு சேர்க்கிற விளையாட்டை ஆடின. அதை அவளே வீட்டில் உட்கார்ந்து செய்திருந்தாள். படங்களெல்லாம் அந்த ஊர்ப் படங்கள்: ஊரணிப் படிக்கட்டு, மில் லாரி, குன்றக்குடி மலை, சத்துணவு முட்டை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாடத்தை வாசித்துக் குரலைப் பதிவு செய்து, தாங்களே கேட்டார்கள்.

நான்கிலும் ஐந்திலும் தமிழ்த் தட்டச்சு. முதலில் அவரவர் பெயர். புதுவயல் மில்லில் வேலை பார்க்கிற காளியாயியின் மகளுக்குப் பெயர் சாலா. அவள் முதல் நாளே அடித்து முடித்துவிட்டு, எழுத்தைப் பெரிதாக்குவது, சிவப்பாக்குவது என்று போய்விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்த சத்தியப்பிரியாவுக்குத்தான் பாடு. அவள் பெயரில் புள்ளி வைத்த எழுத்துகளே இரண்டு. ஒவ்வொரு நாளும் 'சத்திய' என்று வருவதற்குள் முறை முடிந்துவிடும். ஒரு கணினிக்கு மூன்று பேர், ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்பது ரோகிணியின் சட்டம். "ஒனக்கு யாரு இம்புட்டு நீளமாப் பேரு வச்சா?" என்று சாலா கேட்பாள். இருவரும் அடித்துக்கொண்டே சிரித்துக்கொள்வார்கள்.

சத்தியப்பிரியாவின் அப்பா வீரபாண்டியன் ஊரில் நிலபுலம் உள்ளவர். ஒருநாள் புல்லட்டை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"டீச்சர், எம் மகளுக்குத் தனியா ஒரு லேப்டாப்பு ஒதுக்கிருங்க. தெக்குத்தெருக் கண்டதுகளோட எல்லாம் அவ இடிச்சுக்கிட்டு உக்கார வேண்டாம்."

பிள்ளைகள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாலாவும் மற்றத் தெற்குத்தெருப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இங்க கண்டதுன்னு எதுவும் இல்லீங்க" என்றாள் ரோகிணி. "பேர் உள்ள பிள்ளைகதான் இருக்கு. ஒரு லேப்டாப்புக்கு மூணு பேரு. அது கலெக்டர் பிள்ளைக்கும் சேத்துத்தான்."

"நான் மரியாதையாக் கேக்குறேன்."

"நானும் மரியாதையாத்தான் சொல்றேன். பாடம் ஓடுது, அங்குட்டு நின்னு பேசுவோம்."

வீரபாண்டியன் நிற்கவில்லை. வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

மழைக்காலத்தில் அது நடந்தது. சத்தியப்பிரியா தன் பெயரின் கடைசி எழுத்துக்கு வந்துவிட்டாள். சாலாவின் முறை தொடங்கிவிட்டது. "ஒரே எழுத்துடி" என்று சத்தியப்பிரியா தன் பக்கம் இழுக்க, "இது என் நேரம்டி" என்று சாலா தன் பக்கம் இழுக்க, மடிக்கணினி பெஞ்சிலிருந்து தரையில் விழுந்தது. மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திரையில் நரம்பு நரம்பாகக் கோடு ஓடி, பிறகு கறுத்துவிட்டது.

இரண்டு பெண்களும் சிலையாக நின்றார்கள். ரோகிணி குனிந்து எடுத்தாள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாள். அத்தனை பேரும் அடி விழப்போகிறது என்று காத்திருந்தார்கள். யார் இழுத்தது என்று அவள் கேட்கவில்லை. "யாருக்கும் கால்ல கீல்ல விழலயே?" என்று மட்டும் கேட்டாள். "சரி. மீதி அஞ்சு இருக்கு. இனி எடத்த விட்டு இழுக்காம, ஆளு மாறி உக்காருங்க."

சாயங்காலத்துக்குள் சங்கதி ஊருக்குள் போனது. போகிற வழியில் அது 'காளியாயி மகள் கணினியை உடைத்துவிட்டாள்' என்று மாறிவிட்டது. மில் வேலை முடிந்து, தலைமுடியில் தவிட்டுத் தூசியோடு காளியாயி பள்ளி வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், அவள வெளிய மட்டும் நிறுத்திப்புடாதீக. நாலு அடி வேணாலும் போடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"அடியும் இல்ல, நிறுத்தறதும் இல்ல. நாளைக்கு அனுப்பி விடுங்க. பயந்துக்கிட்டு லீவு போட்டா நானே வீட்டுக்கு வந்து கூட்டிட்டு வருவேன்."

"அவதான் உடைச்சாளா டீச்சர்?"

"வகுப்புல உடைஞ்சது. வகுப்பு என்னோடது."

மறுநாள் சாலா வந்தாள். ஆனால் கணினிப் பக்கமே போகவில்லை. சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்தபோது ரோகிணி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள். "தொடு ஆத்தா" என்றாள். சாலா தொடவில்லை. "தொடு. நீ தொடாம நான் அடுத்த பாடத்துக்குப் போக மாட்டேன்." கூடமே காத்திருந்தது. கடைசியில் சாலா ஒரு விரலை நீட்டி ஒரு விசையைத் தட்டினாள். ரோகிணி திரும்பிப் போய் ஐந்தாம் வகுப்புக்குச் சாக்பீஸ் எடுத்தாள்.

வட்டாரக் கல்வி அலுவலர் விசாரணைக்கு வந்தார். புதிதாகப் பொறுப்பேற்ற பெண்மணி, கண்டிப்பானவர். வீரபாண்டியனும் வந்து ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பூட்டு, உடைந்த கணினி இரண்டும் மேசைமேல் இருந்தன.

"பூட்டை நீங்க உடைச்சீங்களா?"

"ஆமா மேடம்."

"லேப்டாப்பை யார் உடைச்சது?"

"வகுப்பு நடக்கும்போது விழுந்துச்சு."

"எந்தப் பிள்ளை? பேர் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன் மேடம்."

"அந்தக் காளியாயி மக" என்றார் வீரபாண்டியன்.

"நீங்க பாக்கல" என்றாள் ரோகிணி அவரைத் திரும்பிப் பார்க்காமலே. "மேடம், கரும்பலகை தேயுது, பந்து வெடிக்குது, ஸ்கேல் ஒடியுது. அதுக்கெல்லாம் எந்தப் பிள்ளைன்னு நாம கேக்கறதில்ல. பத்து வயசுப் பிள்ள பேரை ஆபீஸ் காயிதத்துல ஏத்த எனக்கு மனசு வராது. பொறுப்பு என்னோடது. என்ன பண்ணணுமோ எனக்குப் பண்ணுங்க."

அலுவலர் பேனாவை மூடிவைத்தார். "சரி, பிள்ளைங்க என்ன கத்துக்கிட்டாங்கன்னு காட்டுங்க."

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று. இருந்த ஐந்தில் இரண்டுக்குத்தான் பேட்டரி தாங்கியது. அதில் ஒன்று பாதியில் தானாக அணைந்துவிட்டது. மற்றொன்றில் ஒரு பையன் தன் வாசிப்பைப் போட்டுக் காட்ட, அதில் பாடத்தைவிட வெளியே போன லாரியின் ஹாரன்தான் பெரிதாகக் கேட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அலுவலர் சிரிக்கவில்லை. ரோகிணி முகத்தைத் தொங்கப்போடவும் இல்லை. "தினமும் இப்படித்தான் மேடம். இதுலதான் படிக்கிறாக" என்றாள்.

குருநாதனிடம் வாக்குமூலம் கேட்டார்கள். அவர் எழுந்து நின்று, பூட்டை உடைத்தது உண்மை என்றார். பிறகு உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார். "நான் சாவியக் குடுத்துட்டுப் போயிருக்கணும் மேடம். அதையும் எழுதிக்கங்க" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்தவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வாரத்திலேயே வீரபாண்டியன் மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, காரைக்குடியில் வேன் வருகிற பள்ளியில் சேர்த்துவிட்டார். சான்றிதழ் வாங்க வந்த அன்று சத்தியப்பிரியா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேருந்தான்ப்பா இழுத்தோம்" என்றாள். "வாய மூடு" என்றார் அவர். ரோகிணிக்கு அது வலித்தது. பிடிவாதம் பிடித்தால் இப்படி ஒரு பிள்ளை போகும் என்று தெரிந்திருந்தும் வலித்தது. ஆனாலும் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு கணினியைத் தனியாக ஒதுக்கியிருக்கலாமோ என்று அவள் ஒருநாளும் நினைக்கவில்லை.

ஆணை வந்தது. பூட்டை உடைத்ததற்காகக் கண்டிக்கப்படுகிறார், இது பணிப்பதிவேட்டில் பதியப்படும் என்றிருந்தது. குருநாதன் தயங்கித் தயங்கி நீட்டினார். ரோகிணி நின்றபடியே இரண்டு தரம் படித்தாள்.

"பூட்டை உடைச்சது தப்புன்னு போட்டிருக்கு. சரி, உடைச்சேன்ல. லேப்டாப்பத் தொடக் கூடாதுன்னு எங்கயாச்சும் இருக்கா சார்? எங்கண்ணுக்குத் தட்டுப்படல."

குருநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "இல்ல டீச்சர்."

"அப்பப் பீரோவத் தொறங்க. மூணாங்கிளாஸ் காத்துக்கிட்டு இருக்கு."

அவரே தன் சாவியால் திறந்தார். பயம் அவரை விட்டுவிடவில்லை. இன்றைக்கும் சாயங்காலம் ஒவ்வொரு கணினியையும் பழைய துண்டில் சுற்றி, குழந்தையைக் கிடத்துவதுபோலத்தான் உள்ளே வைக்கிறார். ஆனால் பூட்டும்போது ரோகிணியைத் தேடிப்பார்த்து, "நாளைக்கு எத்தன மணிக்கு எடுக்கணும்?" என்று கேட்கிறார்.

ஒருநாள் மில் விடுமுறையில் காளியாயி தெற்குத்தெருப் பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். தங்கள் பிள்ளைகள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். சாலா தன் குரலைப் போட்டுக் காட்டினாள். ஒரு பாடம் முழுதும் தட்டுத் தடுமாறாமல் வாசித்திருந்தாள். காளியாயி திரைக்குள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதுபோலக் குனிந்து கேட்டாள். "வீட்டுல இம்புட்டுச் சத்தமாப் பேச மாட்டாளே" என்றாள் பக்கத்தில் நின்றவளிடம். பிறகு இன்னொருமுறை போடச் சொன்னாள்.

இந்த வருடம் சாலா ஐந்தாம் வகுப்பு. சத்தியப்பிரியா போகிற காரைக்குடிப் பள்ளி வேன் தினமும் அந்தப் பள்ளியைத் தாண்டித்தான் போகிறது. மில்லுக்குப் போகிற லாரிகள் பள்ளி வாசல் ரோட்டை உழுது போட்டதில், ஐப்பசி மழைக்கு அங்கே முழங்கால் ஆழத்துக்குக் குழியாகிவிட்டது. சின்னப் பிள்ளைகளைப் பெரிய பிள்ளைகள் தூக்கிக் கடத்தினார்கள். தமிழ் வகுப்பில் மனு எழுதும் பாடம் வந்தபோது ரோகிணி சொன்னது ஒன்றுதான்: "உண்மையான மனுவா எழுதுங்க." ஐந்தாம் வகுப்பு கூடிப் பேசி, கணினியில் அடித்து, குழியைப் படம் எடுத்து நடுவில் சேர்த்து, கீழே எல்லாரும் பெயரை அடித்தார்கள். ரோகிணி அதைப் புதுவயலில் அச்செடுத்துக் கொடுத்தாள். பிள்ளைகளே போய் ஊராட்சி அலுவலகக் கதவில் ஒட்டிவிட்டு வந்தார்கள்.

இரண்டு நாளில் ஊராட்சி எழுத்தர் கதிரவன் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கொதிப்போடு வந்தார்.

"என்ன டீச்சர், பிள்ளைகளைத் தூண்டி விடுறீகளா? கதவுல ஒட்டுனா போறவன் வாரவன் எல்லாம் படிக்கிறான்."

"படிக்கத்தான ஒட்டுனாக. எழுதுனவுக அங்க உக்காந்திருக்காக. கேள்வியை அவுககிட்டக் கேளுங்க."

கதிரவன் ஐந்தாம் வகுப்பைப் பார்த்தார். ஐந்தாம் வகுப்பு அவரைப் பார்த்தது. தாளைப் புரட்டிவிட்டு, "நடவடிக்கைக்கு 'க்' போடல. தப்புத் தப்பா அடிச்சிட்டு மனுவாம்" என்றார்.

சாலா எழுந்து வந்தாள். "எங்க சார்?" என்று தாளை வாங்கிப் பார்த்தாள். கணினியில் உட்கார்ந்தாள். தேடிப் பிடித்து அந்த ஒற்றெழுத்தைச் சேர்த்தாள். பிறகு திரும்பி, "சரி பண்ணியாச்சு சார். எப்ப மண்ணு அடிப்பீக?" என்று கேட்டாள்.

கதிரவன் ரோகிணியைப் பார்த்தார். ரோகிணி கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு டிராக்டர் கிராவல் மண் வந்தது. பாதிக் குழிதான் நிறைந்தது. மீதிக்கு ஐந்தாம் வகுப்பு அடுத்த மனுவை அடித்துக்கொண்டிருக்கிறது.